கொள்ளுத்தாத்தாவின் தீர்ப்புகளும் அவற்றைத் திருத்தியவர்களும்

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவை 'ஹைகோர்ட் ஜட்ஜ்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட நடுவில் அது ஒரு முறை வந்துவிடும். எனக்கு அதில் எப்போதுமே சந்தேகம். சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. 1870-களின் கடைசியில்தான் முத்துசாமி ஐயர் அங்கே நீதிபதியான முதல் இந்தியர் ஆனார். அவர் 1895-இல் காலமான பிறகு சுப்பிரமணிய ஐயர், 1901-இல் பாஷ்யம் ஐயங்கார் என்று மெதுவாகத்தான் வந்தார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் ஆள் இல்லை.

"அவர் டிஸ்ட்ரிக்ட் முன்சீப், அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன். "முன்சீப்னா கோர்ட்ல மேலே உட்கார்ந்தவர்தானே? போடி" என்றுவிட்டார் அத்தை.

சரி, முன்சீப் என்றால் என்ன? சிவில் வழக்குகளைக் கேட்கும் கீழ்க்கோர்ட் நீதிபதி. 1873-ஆம் வருஷத்துச் சென்னை சிவில் கோர்ட் சட்டப்படி 2,500 ரூபாய் மதிப்பு வரையிலான வழக்குகள் அவரிடம் வரும். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் நிலம், வீடு, கடன் எல்லாமே பெரும்பாலும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். சாதாரண ஜனங்களுக்குக் கோர்ட் என்றால் முன்சீப் கோர்ட்தான். தமிழின் முதல் நாவலை எழுதிய மாயவரம் வேதநாயகம் பிள்ளையும் தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று முன்சீபாக இருந்தவர்தான். ஆகவே ஹைகோர்ட் பட்டம் கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தேடலை மெட்ராஸ் யூனிவர்சிட்டி காலண்டரில் ஆரம்பித்தேன். தேதி பார்க்கிற காலண்டர் அல்ல. வருஷாவருஷம் பட்டதாரிகளின் பெயர்களை அச்சிட்ட தடிமனான புத்தகம். பி.எல். என்ற சட்டப் பட்டம் வாங்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் கிடைத்தது. அதிலிருந்து சென்னை அரசிதழான ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டுக்கும், அரசு அதிகாரிகளின் பட்டியலான சிவில் லிஸ்டுக்கும் போனேன். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்தால் கெஜட் தொகுதிகளைப் பார்க்கலாம். நியமனம், மாற்றல், லீவு என்று எல்லாம் ஒற்றை வரிகள். வலங்கைமானில் ஆக்டிங், அப்புறம் குளித்தலை, அப்புறம் அம்பாசமுத்திரம். மூன்று மாத லீவு ஒன்று வருகிறது. என் தாத்தா பிறந்த வருஷமும் அதுதான். கெஜட் காரணம் சொல்வதில்லை.

இப்படித் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பெயரை ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். 'பிள்ளை'யை ஐ போட்டு முடிப்பவர் உண்டு, ஒய் போட்டு முடிப்பவரும் உண்டு. ஊர் பெயரில் வரும் இனிஷியலைச் சில இடங்களில் விட்டே விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் செய்த புத்தகங்களில் கம்ப்யூட்டர் படித்த எழுத்தோ இன்னும் மோசம். நான் கடைசியில் பெயரை விட்டுவிட்டு, 'டிஸ்ட்ரிக்ட் முன்சீப் ஆஃப் வலங்கைமான்' என்று பதவியைப் போட்டுத் தேடினேன். கொட்டியது.

கொட்டிய இடம், ஹைகோர்ட் தீர்ப்புகளை அச்சிட்டு வெளியிட 1876-இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் தொகுதிகள். ஹைகோர்ட்டுக்கு வரும் இரண்டாம் அப்பீலின் தலைப்பிலேயே, இன்ன ஊர் முன்சீப் இன்னார் கொடுத்த டிக்ரியை, அதாவது தீர்ப்பாணையை, ஜில்லா ஜட்ஜ் உறுதி செய்தார் அல்லது ரத்து செய்தார், அதன் மேல் இந்த அப்பீல் என்று போட்டிருப்பார்கள். இந்தியன் கானூன் தளத்திலும் பழைய தீர்ப்புகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பலவற்றில் இந்தத் தலைக்குறிப்பு இல்லை. அச்சுப் பிரதியின் ஸ்கேன்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. முன்சீபின் தீர்ப்பை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அவர் பெயர் எங்கேயும் அச்சாகாது. யாராவது கோபித்துக்கொண்டு மேலே போனால்தான் அச்சில் ஏறுவார். ஆகவே நான் படித்ததெல்லாம் அவர் மேல் சொல்லப்பட்ட குறைகள். சாட்சியத்தைச் சரியாக எடைபோடவில்லை என்று ஒரு ஜில்லா ஜட்ஜ். தீர்மானிக்க வேண்டிய கேள்வியை, அதாவது இஷ்யூவையே போடவில்லை, மறுபடி விசாரி என்று திருப்பி அனுப்பிய இன்னொருவர். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்குச் சுருக்கென்றது.

ஒன்றே ஒன்றில் அவர் ஜெயித்தார். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் அதை ரசித்துப் படித்தேன். கடனுக்கு ஈடாக ஒத்தி வைத்த நிலத்தை, வைத்தவரின் பேரன் மீட்க வருகிறான். ஒத்தியை மீட்க அன்றைய காலவரம்புச் சட்டம் கொடுத்தது 60 வருஷம். அது தாண்டிவிட்டது என்கிறான் பிரதிவாதி. ஆனால் கெடு முடிவதற்கு முன்பே, பிரதிவாதியின் அப்பா தன் தம்பியோடு எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'நம்மிடம் ஒத்தியாக இருக்கும் நஞ்சை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கொள்ளுத்தாத்தா அதைப் பிடித்துக்கொண்டார்: ஒத்திதான் என்று ஒப்புக்கொண்டு எழுதியாயிற்று, அன்றிலிருந்து புதுக் கணக்கு. தம்பிக்கு எழுதியது வாதிக்கு எழுதியது ஆகாது என்று ஜில்லா ஜட்ஜ் ரத்து செய்துவிட்டார். 1877-ஆம் வருஷச் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலோ, வேறொருவருக்கு எழுதியிருந்தாலும் போதும் என்று விளக்கமே இருக்கிறது. முன்சீப் சொன்னதுதான் சரி என்று ஹைகோர்ட் டிக்ரியை மீட்டுக் கொடுத்தது. இரண்டே பக்கத் தீர்ப்பு. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொல்லலே, ஹைகோர்ட்னு?" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அவர் கைப்பட எழுதிய தீர்ப்பு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இப்போது ஆசை. கோர்ட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கை குறைவு. வேண்டாத கட்டுகளைக் காலக்கெடு வைத்து அழிக்க 1917-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நகலாவது கிடைக்கலாம். ஜெயித்த கட்சிக்காரர்கள் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கிய நகலை அவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட மாட்டார்கள். தாய்ப்பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டிருப்பார்கள். வலங்கைமான், குளித்தலை, அம்பாசமுத்திரம் பக்கம் நிலம் உள்ள குடும்பமாக இருந்தால், 1900-க்கு முந்தைய முன்சீப் கோர்ட் டிக்ரி நகல் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள். ஒரிஜினல் எனக்கு வேண்டாம். கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். தீர்ப்புச் சொன்ன முன்சீபின் பெயர் அங்கே இருக்கலாம்.