பொணத்த வெச்சு சிரிக்க வைக்கிற படத்துக்கு யு/ஏ வாங்குன கதை

டார்க் காமெடி எடுக்கப்போறவங்க பட்ஜெட்ட நினைச்சு பயப்படுவாங்க, ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட்ட நினைச்சு பயப்படுவாங்க, என்னைக் கேட்டா முதல்ல பயப்பட வேண்டியது சென்சாருக்கு எழுதிக் குடுக்குற சினாப்சிஸ்க்குத்தான், அதாவது கதைச்சுருக்கத்துக்கு. எங்க படத்தோட கதை இதுதான். ஒரு அக்கா, ரெண்டு தம்பிங்க, மூணு பேருக்கும் கழுத்து மட்டும் கடன். கல்யாணம் பண்ணிக்காம பூர்வீக வீட்டுல தனியா இருக்குற சித்தப்பாவுக்கு பாயாசத்துல தூக்க மாத்திரை கலந்து குடுத்துட்டு பத்திரத்த தூக்கிரலாம்னு போறாங்க, அந்தாளு ஏற்கனவே ஹார்ட் பேஷண்ட்னு மூணு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது, விடிஞ்சு பாத்தா சித்தப்பா காலி. ஆனா அன்னைக்கு பதினோரு மணிக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல அவரு உசுரோட வந்து கைரேகை வெச்சாத்தான் பணம். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு எடுத்தா தெருவுக்கே தெரிஞ்சுரும்னு மீன் வண்டிக்காரன்கிட்ட ஐஸ் பொட்டி கடன் வாங்குறாங்க. மீதிப்படம் முழுக்க "உன்னாலதான்டா", "நீதானக்கா ஊத்துன"ன்னு பொணத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்டை.

சொல்லும்போது சிரிப்பு வருதுல்ல, இதையே விண்ணப்பத்துக்காக ஒரு பக்கத்துக்கு எழுதுங்க பாப்போம். "மயக்க மருந்து கொடுத்தல், மரணம், சடலத்தை மறைத்தல், மோசடிப் பத்திரப்பதிவு". எஃப்ஐஆர் மாதிரி இருக்கும். டைரக்டர் எழுதுன முதல் வெர்ஷன படிச்சுட்டு புரொட்யூசரே என்னைக் கூப்பிட்டு "ஏம்ப்பா, நாம காமெடிப் படம்தான எடுத்தோம்?"னு கேட்டாரு.

நான் இந்தப் படத்துல இணை இயக்குநர், சின்னப் படம்ங்கறதால பேப்பர் வேலையும் என் தலையில. ஓடிடிக்கு நேரா குடுத்தா இந்த அலைச்சல் எதுவும் கிடையாது, 2021 ஐடி விதிகள்படி அவங்களே வயசு போட்டு வெளியிட்டுக்குவாங்க, சென்சார் சர்டிபிகேட் தேவையில்ல. ஆனா எங்க புரொட்யூசர் ஈரோட்டுல பைப்பு வியாபாரம் பண்றவரு, அவருக்கு அவரு ஊரு தியேட்டர்ல பேரு வரணும், அதுல அவரு விட்டுக்குடுக்கவே இல்ல. கூடவே சாட்டிலைட் ஆசை வேற, அதாவது டிவி உரிமைய விக்கணும். 'ஏ' விழுந்துச்சுன்னா அந்தப் படத்த அப்படியே டிவில போட முடியாது, ஸ்கூல் பசங்களோட வர்ற குடும்பமும் போச்சு. 2023ல சட்டத் திருத்தம் வந்து, 2024ல புது விதிகள் வந்தப்பறம் பழைய யு/ஏவை 7+, 13+, 16+னு மூணா பிரிச்சுட்டாங்கல்ல, எங்க டார்கெட் அதுல யு/ஏ 16+. அது பெத்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை மாதிரிதான், பதினாலு வயசுப் பையன தியேட்டர் வாசல்ல நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. 'ஏ'ன்னா அனுப்பணும். சின்னப் படத்துக்கு வித்தியாசமே அங்கதான்.

சென்சார் வேலை எடிட் முடிஞ்சப்பறம்தான் ஆரம்பிக்கும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, எங்களுக்கு ஸ்கிரிப்ட் மேசையிலயே ஆரம்பிச்சுருச்சு. சின்னத் தம்பி டென்ஷனானா சிகரெட் பத்த வைக்கிற மாதிரிதான் முதல்ல எழுதியிருந்துச்சு. சிகரெட் ஒரு ஷாட் வந்தாக்கூட படத்தோட ஆரம்பத்துலயும் இடைவேளைக்கு அப்பறமும் முப்பது செகண்ட் ஹெல்த் ஸ்பாட்ங்கற விழிப்புணர்வுப் படம், தனியா இருபது செகண்ட் டிஸ்க்ளெய்மர், அது போக சிகரெட் தெரியிற நேரம் பூரா ஸ்கிரீனுக்குக் கீழ எச்சரிக்கை வாசகம், 2012லேர்ந்து இதான் ரூலு. ரூலு மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, ஆனா யோசிச்சுப் பாருங்க, ஐஸ் பொட்டி மூடி மூட மாட்டேங்குது, சித்தப்பா முழங்கால் முட்டிக்கிட்டு நிக்குது, மூணு பேரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு மூடி மேல ஏறி உக்காந்துருக்காங்க, அந்த நேரத்துல ஆடியன்ஸ் கண்ணு கீழ எழுத்தப் படிச்சுக்கிட்டு இருந்தா காமெடி டைமிங் அவ்வளவுதான். அதனால சிகரெட்ட தூக்கிட்டு கடலை மிட்டாய குடுத்தோம். டென்ஷன் ஏற ஏற பாக்கெட்லேர்ந்து எடுத்து கடக் கடக்னு கடிக்கிறான். சவுண்ட் டிசைனர் அந்த கடக் சத்தத்த பிடிச்சுக்கிட்டு அதுலயே பாதி சஸ்பென்ஸ் பண்ணிட்டாரு, இப்ப அந்த கேரக்டருக்கு அடையாளமே அதுதான்.

அடுத்தது கிடா. கதைல சித்தப்பா வீட்டுல கோயிலுக்கு நேர்ந்து விட்ட கிடா ஒண்ணு இருக்கு, அது பத்திரத்த தின்னுரும். டைரக்டருக்கு உயிரான சீன். படத்துல விலங்க நடிக்க வைக்கணும்னா ஷூட்டிங்குக்கு முன்னாடியே விலங்குகள் நல வாரியத்துல அனுமதி வாங்கணும், கால்நடை மருத்துவர் சர்டிபிகேட் வேணும், எடுத்தப்பறம் அந்தக் காட்சிகளக் காட்டி என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று வாங்கணும், அது இல்லாம சென்சார்ல விண்ணப்பம் நகராது. இந்த வாரியம் 1962ல ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில ஆரம்பிச்சது, ரொம்ப வருஷம் நம்ம திருவான்மியூர்லதான் இருந்துச்சு, 2018ல ஹரியானா பல்லப்கருக்கு மாத்திட்டாங்க. சீனியர் மேனேஜர்லாம் "அப்பல்லாம் பைக்க எடுத்துட்டு போய்ட்டு வந்துருவோம்"னு பெருமூச்சு விடுவாங்க. எங்க ஷெட்யூலுக்கு அந்தக் காத்திருப்பு தாங்காது, பட்ஜெட்டும் தாங்காது. கடைசில கிடாவ கண்ணுலயே காட்டல. சுவத்துக்கு அந்தப் பக்கம் "ம்ம்மே"ன்னு ஒரு சத்தம், அக்கா ஓடிப்போய் பாதி மென்ன முத்திரைத்தாள தூக்கிட்டு வர்றா, எச்சில் வழியுது. கிடா தெரியலங்கறதாலயே சிரிப்பு ஜாஸ்தியா இருக்குன்னு நான் சொல்றேன், டைரக்டர் இன்னும் ஒத்துக்கல. இதுல வேடிக்கை, இவ்வளவும் பண்ணிட்டு எடிட்ல உக்காந்தா ஒரு ஷாட்ல தெருநாய் ஒண்ணு பின்னாடி ஹாயா நடந்து போகுது, எதுக்கு வம்புன்னு அந்த ஷாட்டுக்கு வேற டேக் போட்டோம்.

அப்பறம் ஆன்லைன் விண்ணப்பம். இ-சினிபிரமாண்னு போர்ட்டல், எல்லாம் அதுலதான். டைட்டில் பதிவு லெட்டர், பாட்டு வரிகள், நீளம், விலங்கு பயன்படுத்தலன்னு உறுதிமொழி, முழு வசனத்தாள். இந்த வசனத்தாள்தான் முதுக ஒடிச்சது. ஸ்கிரிப்ட்ட அப்படியே பிடிஎஃப் பண்ணிப் போட்டுற முடியாது, ஃபைனல் எடிட்ல வாய்லேர்ந்து என்ன வருதோ அதுதான் பேப்பர்ல இருக்கணும். எங்க படத்துல மூணு பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க, போதாததுக்கு டப்பிங்ல ஆளாளுக்கு சொந்தச் சரக்க சேத்துட்டாங்க, பெரிய தம்பியா நடிச்சவரு ஒவ்வொரு டேக்குக்கும் சித்தப்பாவ ஒவ்வொரு மாதிரி திட்டியிருக்காரு. டைம்லைன ஓட்டி ஓட்டி நிறுத்தி, யாரு எதை எப்ப சொன்னான்னு டைப் பண்ணி முடிக்கும்போது எனக்கே சித்தப்பா மேல பாசம் வந்துருச்சு. சினாப்சிஸ கடைசியா அக்கா பார்வையில திருப்பி எழுதினோம். "பேராசையால் சொந்தச் சித்தப்பாவை ஏமாற்றப் போகும் மூன்று உடன்பிறப்புகள், ஒவ்வொரு பொய்யிலும் மேலும் மாட்டிக்கொண்டு இறுதியில் சட்டத்தின் பிடியில் சிக்கும் நகைச்சுவைக் கதை". எதையும் மறைக்கல, பொணம் இருக்கு, மாத்திரை இருக்கு, ஆனா யாரு மேல சிரிக்கிறோம்னு தெளிவா தெரியும்.

ஸ்கிரீனிங் பிரிவியூ தியேட்டர்ல. ஒரு எக்ஸாமினிங் ஆபீசர், கூட ஆலோசனைக் குழு உறுப்பினர்கள், அதுல பெண்களும் கண்டிப்பா இருப்பாங்க. படம் ஓடும்போது நம்ம ஆளுங்க உள்ள இருக்கக்கூடாது. நானும் டைரக்டரும் வெளிய பெஞ்ச்ல. கதவு கனமான கதவு, பேஸ் சத்தம் மட்டும் திம் திம்னு வரும், வசனம் கேக்காது. படத்த எத்தனையோ தடவ பாத்ததால அந்த திம் திம்ம வெச்சே இப்ப எந்த சீன்னு தெரியும், ஐஸ் பொட்டி சீன் வந்துருச்சு, இப்ப மூடி, இப்ப முழங்கால், இப்ப சிரிச்சுருக்கணும்... ஒண்ணும் கேக்கல. டைரக்டர் டீய வாங்கி குடிக்காம கையிலயே வெச்சுருந்தாரு, ஆடை கட்டிருச்சு. டார்க் காமெடிக்கு இதுதான் சோதனை. ஆக்‌ஷன் படம்னா சிரிக்கலன்னா பரவால்ல, சென்டிமெண்ட் படம்னா அமைதியா இருந்தா நல்லது, நம்ம படத்த சிரிக்காம பாத்தா அது வெறும் குரூரம். சிரிப்பு வராத இடத்துல அத்தனை ஷாட்டும் குற்றப்பத்திரிகையா மாறிரும்.

முடிஞ்சப்பறம் உள்ள கூப்பிட்டாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க, அதை சொல்லியே ஆகணும், வெளிய கேட்ட கதைங்கள வெச்சு நான் வேற மாதிரி எதிர்பாத்துட்டு போயிருந்தேன். சென்சார் எதை வெச்சு முடிவு பண்ணுதுன்னா 1991ல மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள்தான், அதுல வன்முறைய பெருமைப்படுத்தக்கூடாதுன்னு இருக்கு, குற்றவாளிங்க ஒரு குற்றத்த எப்படி செய்யறாங்கங்கற செய்முறைய, அடுத்தவங்களத் தூண்டுற மாதிரி காட்டக்கூடாதுன்னு இருக்கு, அதேநேரம் படத்த முழுசா, அதோட ஒட்டுமொத்த தாக்கத்த வெச்சுத்தான் பாக்கணும்னும் இருக்கு. குற்றம் சொதப்புற படத்துக்கு இந்த செய்முறை விஷயம்தான் கழுத்துல கத்தி. ஏன்னா காமெடியே செய்முறைலதான் இருக்கு, எப்படி பிளான் போட்டாங்க, அது எப்படி நாறுச்சு, அதுதான படம்.

பாயாசம் சீன்ல வந்து நின்னுச்சு பேச்சு. சின்னவன் மாத்திரை அட்டைய கையில வெச்சுக்கிட்டு பேரப் படிச்சு, இத்தன போட்டா இத்தன மணி நேரம்னு ஒரு கணக்கு சொல்லுவான், அக்கா "அவரு எடைக்கு பத்தாதுடா"ன்னு இன்னொரு கைப்பிடி போடுவா. டைரக்டர் எழுந்து, "சார், இவங்க மூணு பேரும் முட்டாளுங்க, எல்லாமே தப்பா போகுது, இதைப் பாத்து யாரும் செய்ய மாட்டாங்க"ன்னாரு. அதுக்கு ஒரு மேடம் சொன்னாங்க, "தம்பி, இவங்களப் பாத்து யாரும் பத்திரம் திருடப் போறதில்ல, அது எங்களுக்கும் தெரியும். ஆனா மாத்திரை பேரும் கணக்கும் உங்க ஆளுங்க முட்டாளா இருக்கறதால பொய்யாயிடாதுல்ல?" டைரக்டர் உக்காந்துட்டாரு. எனக்கு அந்த நிமிஷம் பளிச்னு ஆச்சு, நாங்க படம் பூரா கேரக்டர நினைச்சு வாதாடிக்கிட்டு இருந்தோம், அவங்க அந்த அட்டையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

லிஸ்ட்டா வந்தது இவ்வளவுதான். மாத்திரை அட்டை பேர பிளர் பண்ணணும், கணக்கு வசனம் எடுக்கணும், சில கெட்ட வார்த்தை மியூட், மாடிப்படில சித்தப்பா உருண்டு வர்ற ஷாட்ட குறைக்கணும், அப்பறம் பெரிய தம்பி கோவத்துல பொணத்த எட்டி உதைக்கிறது முழுசா வேணாம். இதெல்லாம் செஞ்சா யு/ஏ 16+, ஒரு கட்டும் இல்லாம வேணும்னா 'ஏ'. ஒத்துக்கலன்னா படத்த திரும்பப் பாக்குற ரிவைசிங் கமிட்டிக்குப் போலாம். முன்ன அதுக்கும் மேல ஒரு மேல்முறையீட்டு தீர்ப்பாயம் இருந்துச்சு, 2021ல அதை எடுத்துட்டாங்க, இப்ப ரிவைசிங் தாண்டுனா ஹைகோர்ட்தான். சென்சார் வழக்குன்னாலே வக்கீலுங்க எடுக்குற 1989 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு தமிழ்ப்படத்தால வந்தது, சாதாரண நியாயமான ஒரு மனுஷன் பார்வையிலதான் படத்தப் பாக்கணும்னு சொன்ன தீர்ப்பு, டைரக்டர் அதை ஃபோன்ல படிச்சுக்கிட்டே வந்தாரு. நான் சொன்னேன், தீர்ப்பெல்லாம் சரிதான் ஜி, நாம சண்டை போடப்போறது ஒரு உதைக்காகவும் ஒரு மாத்திரை அட்டைக்காகவும், தியேட்டர் பேசி வெச்ச வெள்ளிக்கிழம கைவிட்டுப் போயிரும். ஒத்துக்கிட்டோம்.

என்னோட கருத்து என்னன்னா, மாத்திரை கட்டு படத்துக்கு நல்லதுதான் பண்ணுச்சு. இப்ப சின்னவன் ஸ்பூன கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறான், அக்கா "போட்டாச்சா?"ங்கறா, "போட்டாச்சு", "நானும் போட்டேனேடா", அவ்வளவுதான், கட். எவ்வளவுன்னு தெரியாததால பயமும் சிரிப்பும் ரெண்டும் கூடிருச்சு. உதை போனதுதான் எனக்கு இன்னைக்கும் மனசுல இருக்கு. அவன் உதைச்சுட்டு உடனே குனிஞ்சு சித்தப்பா வேட்டிய இழுத்து சரி பண்ணுவான், அந்த ரெண்டும் சேந்தாத்தான் அவன் யாருன்னு தெரியும், இப்ப வேட்டிய சரி பண்றது மட்டும் இருக்கு, ரொம்ப நல்ல பையனாயிட்டான்.

கட் சொன்னா ஏதோ கத்திரிக்கோல் வேலைன்னு நினைக்காதீங்க. நாலு ஃப்ரேம் எடுத்தாலும் பின்னணி இசை எகிறும், திரும்ப மிக்ஸிங் உக்காரணும், மியூட் பண்ண இடத்துல வெறும் வெறுமையா விட்டா காதுல அறையும், ஃபேன் சத்தமாவது போட்டு நிரப்பணும். எடுத்த பகுதிய தனியா ஒப்படைக்கணும், திருத்துனத அவங்க சரிபாக்கணும், அப்பறம்தான் சர்டிபிகேட். அது வந்ததும் படத்தோட தலைல ஒட்டி புது டிசிபி, அதான் தியேட்டருக்குப் போற டிஜிட்டல் காப்பி. அதுக்கப்பறம் ஒரு ஷாட் கூட்டணும் குறைக்கணும்னாலும் திரும்ப அவங்க அனுமதி வேணும், அதனால "ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்"னு வர்ற டைரக்டர்கிட்டேர்ந்து ஹார்ட் டிஸ்க்க பிடுங்கி வெச்சுக்கறது இணை இயக்குநரோட தலையாய கடமை.

படம் ஈரோட்டுல ஓடுச்சு, புரொட்யூசர் சொந்தக்காரங்க ஒரு ஷோவ முழுசா ரொப்புனாங்க, சொத்துத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு அண்ணன் தம்பிங்களும் வேற வேற வரிசைல உக்காந்து பாத்தாங்களாம். இப்ப டிவிக்கு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. சேனல்காரங்க ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க, அதுல முதல் ஐட்டம், ஐஸ் பொட்டிக்குள்ள சித்தப்பா முகம் தெரியிற ஷாட் எல்லாத்தையும் குறைக்க முடியுமான்னு. அது படத்துல பாதி. டைரக்டருக்கு இன்னும் நான் அந்த மெயில ஃபார்வர்ட் பண்ணல.