பாயிண்ட் தராசும் என் கைவிரலும்

28 ஜனவரி 2025, செவ்வாய்

ஸ்ரீதர் வேம்பு மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானியாகத் தொடர்கிறார் என்னும் செய்தியைப் படித்தேன். உடன் தொடங்கியவர்களுள் ஒருவரான சைலேஷ் குமார் டேவி அப்பொறுப்புக்கு வந்திருக்கிறார். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலை நடத்தும் எனக்கு அந்த உயரத்தோடு ஒப்பீடே கிடையாது. ஆனாலும் அறுபத்தொரு வயதில் இச்செய்தியைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று நாள் ஏற்காட்டில், உறவினரின் காப்பித் தோட்டத்தில் இருந்தேன். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆலைக்கு வந்தால், மரவள்ளிக் கிழங்கு ஐந்து லாரிகளில் இறக்கப்படாமல் நின்றது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருத்துவிடும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். விலைக்கு அடிப்படையான மாவுச்சத்தை அளக்கும் பாயிண்ட் தராசு 26 காட்ட, வியாபாரி 28 என்று வாதாட, பதினேழு ஆண்டாக என்னோடு இருக்கும் மேலாளர், "ஐயா வந்துரட்டும்" என்று சொல்லி விலையை முடிக்காமல் விட்டிருக்கிறார்.

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. இரவில், சென்ற பருவத்தில் அவர் முடித்த விலையை, கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு நான் எத்தனை முறை மாற்றினேன் என்று எண்ணினேன். நினைவுக்கு வந்தவை ஒன்பது. அவற்றுள் ஆலைக்கு ஆதாயமாக முடிந்தவை இரண்டு. அவருக்குத் தயக்கத்தைப் பழக்கியவன் நானே.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆடிட்டர் வந்திருந்தார். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 196-ஆம் பிரிவுப்படி, நிர்வாக இயக்குநரை ஒரு தடவைக்கு ஐந்தாண்டுக்கு மேல் நியமிக்க முடியாது. எழுபது வயதைக் கடந்தவரென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். "உங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கே" என்றார். சட்டம் வயதைத்தான் அளக்கும். வாசலில் நின்ற லாரிகளை அளக்காது.

நம் சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பதிவான அதே 1981-இல் தொடங்கிய இன்ஃபோசிஸில், நாராயண மூர்த்தி 2002-இல் தலைமைச் செயல் பொறுப்பை நந்தன் நிலேகணியிடம் கொடுத்தார். 2013-இல் செயல் தலைவராகத் திரும்பி, மறு ஆண்டே விலகினார். கொடுத்ததைவிட அந்தத் திரும்பி வந்ததைப் பற்றித்தான் வெகுநேரம் யோசித்தேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மேலாளரே அடுத்த நிர்வாக இயக்குநர் என்று வீட்டில் சொன்னேன். மகள் கேட்டாள்: "பதவிய குடுப்பீங்க சரி, அந்த ரூமயும் குடுப்பீங்களாப்பா?" நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சிரித்துவிட்டாள்.

3 மார்ச், திங்கள்

இயக்குநர் குழுத் தீர்மானம் நிறைவேறியது. காசோலைக் கையெழுத்தை மாற்றும் கடிதமும் வங்கிக்குப் போயிற்று. என் மேசையை ஆய்வகத்துக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து எடைமேடை தெரியாது. தினசரிக் கிழங்கு விலை பேசும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் நான் இன்னும் வெளியேறவில்லை.