விரல்கள் இன்னும் நம்பவில்லை

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து மண் பாதை. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், நான் கேட்காமலே விரல்கள் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் பிடித்துவிட்டன.

உடைந்த காரை எலும்பு (தோளையும் நெஞ்சையும் இணைப்பது) கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லியாகிவிட்டது. விரல்களுக்கு யார் சொல்வது?

போன மழைக்காலத்தில் ஈரமான சில்வர் ஓக் வேரில் முன்சக்கரம் வழுக்கி, தோள் தரையில் மோத விழுந்தேன். இன்றும் அதே மாதிரி ஒரு வேர். சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பார்வையை வேரிலிருந்து பிய்த்து அதற்கு அப்பால் இருந்த வளைவில் வைத்தேன். கண் போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும், வேரையே முறைத்துக்கொண்டிருந்தால் நேராக அதில்தான் போய் முட்டும். மண்ணைக் கவ்விப் பிடிக்கட்டும் என்று டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்திருந்தேன்.

தடதடவென்று தாண்டிவிட்டது.

வீட்டில் முடங்கிக் கிடந்தபோது வலியைவிடப் படுத்தியது மண்டைக்குள் ஓயாத பேச்சுதான். கடன், வேலை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல், எல்லாம் ராத்திரி வந்து வரிசையில் நிற்கும். இறக்கத்தில் அதற்கெல்லாம் இடமே இல்லை, அடுத்த பத்தடியைத் தவிர வேறெதை நினைத்தாலும் விழ வேண்டியதுதான். (தியானமும் செய்து பார்த்தேன், தூக்கம்தான் வந்தது.)

தோள் இப்போது விண்விண் என்கிறது. சரி, அடுத்த ஞாயிறு கோடநாடு பக்கம் போகலாம் என்றிருக்கிறேன், யாராவது வருகிறீர்களா?