'அடுக்கு' கட்டளைக்குள் எதை வைப்பது?

3 மார்ச் 2024, ஞாயிறு

நான் எழுதிவரும் சின்ன நிரல்மொழியில், பட்டியலை வரிசைப்படுத்தும் 'அடுக்கு' கட்டளை இன்று வேலை செய்தது. உள்ளே இருப்பது குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை. கைக்குப் பழகியது என்பதால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சோதிக்க, அக்கா மகள் வகுப்பின் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தேன். 42 பேர், பெயர் வரிசையில் இருந்தார்கள்.

மதிப்பெண்படி சரியாகவே அடுக்கியது. ஆனால் 78 வாங்கிய மூவர் கவிதா, செந்தில், மாலதி என்று இருந்தவர்கள், மாலதி, கவிதா, செந்தில் என்று மாறிவிட்டார்கள். கணக்குப்படி தவறில்லை. ஆனால் பெயர் வரிசையில் கொடுத்தவருக்கு அது ஏன் கலைந்தது என்று கேட்க உரிமை உண்டு.

5 மார்ச், செவ்வாய்

சமமானவை பழைய வரிசையிலேயே நிற்பதை ஸ்டேபிள் என்பார்கள். குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஓட்டும் வி8 இன்ஜினில் முன்பு 10 உறுப்பு வரை ஸ்டேபிளான இன்சர்ஷன் சார்ட் முறை, அதைத் தாண்டினால் ஸ்டேபிள் இல்லாத குவிக்சார்ட். ஐந்தாறு பெயரை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும்; நிஜப் பட்டியல் வந்ததும் வரிசை கலையும். 2018-இல் டிம்சார்ட் என்ற ஸ்டேபிளான முறைக்கு மாறினார்கள். 2019 முதல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையே ஸ்டேபிளைக் கட்டாயமாக்கிவிட்டது. மொழியோடு வரும் கட்டளைக்கு இது அடிப்படை மரியாதை என்றே நினைக்கிறேன்.

9 மார்ச், சனி

நாள் முழுக்க டிம்சார்ட். 2002-இல் பைதான் நிரல்மொழிக்காக டிம் பீட்டர்ஸ் எழுதியது. நிஜத் தரவு முழுக்கக் கலைந்து கிடப்பதில்லை, அங்கங்கே ஏற்கெனவே அடுக்கியபடிதான் இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்து ஒன்றோடொன்று இணைக்கிறது. இறங்குவரிசையில் ஒரு துண்டு இருந்தால் அப்படியே திருப்பிப் போடுகிறது.

இங்கேதான் சறுக்கினேன். 90, 78, 78, 60 என்பதை ஒரே இறங்கு துண்டாக எடுத்துத் திருப்பினேன். இரண்டு 78-உம் இடம் மாறிவிட்டன! ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்டிப்பாகக் குறைந்தால் மட்டுமே இறங்கு துண்டு. ஒரு சமக்குறியை எடுத்ததும் சரியானது.

இன்னொரு காரணமும் என்னை இதன் பக்கம் இழுத்தது. தமிழ்ப் பெயர்களை யூனிகோட் எண்படி ஒப்பிட்டால் 'ப'வுக்கு முன்னால் 'ன' வந்துவிடும். நெடுங்கணக்கில் அதுதான் கடைசி மெய். அதனால் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நான் எழுதிய தனிச் செயற்கூறு (ஃபங்ஷன்) ஓட வேண்டும். உறுப்புகளை இடம் மாற்றுவதைவிட ஒப்பிடுவதுதான் இங்கே பெரிய செலவு. அடுக்கி வைத்த 10 லட்சம் உறுப்புகளுக்கு டிம்சார்ட் 9,99,999 ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறது.

16 மார்ச், சனி

கூடுதல் நினைவகம்தான் உறுத்தியது. இணைக்கும்போது பட்டியலில் பாதி அளவுக்குத் தற்காலிக இடம் தேவைப்படலாம். ஜாவா மொழி வெறும் எண்களுக்குக் குவிக்சார்ட் வகையையும், பல விவரங்கள் சேர்ந்த பொருள்களுக்கு (ஆப்ஜெக்ட்) டிம்சார்ட்டையும் வைத்திருக்கிறது. ஒரு 78-க்கும் இன்னொரு 78-க்கும் வித்தியாசமே இல்லாதபோது ஸ்டேபிள் தேவையில்லை, நியாயம்தான். ஆனால் என் மொழியில் ஒரே பட்டியலில் எண்ணும் சொல்லும் கலந்து இருக்கலாம். அதனால் எல்லாவற்றுக்கும் டிம்சார்ட் ஒன்றே போதும்.

துண்டுகளை இணைக்கும் விதியை இரண்டு முறை சரிபார்த்தேன். பல வருடம் ஓடிய டிம்சார்ட்டிலேயே அந்த விதியில் ஒரு பிழை இருந்தது. 2015-இல் கணித முறைப்படி நிரூபிக்க முயன்றபோதுதான் அகப்பட்டது.

இரவு அதே 42 பேரை மறுபடி அடுக்கினேன். 78-இல் கவிதா, செந்தில், மாலதி.