என் அளவை நம்பிய மனிதர்

பதினேழு வயதில் என் கன்னத்தில் எப்போதும் இரண்டு மூன்று கீறல்கள் இருக்கும். ஷேவிங் செய்யச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவருடைய ரேசர் அலமாரியில் அப்படியே இருந்தது. அதை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, என்னால் முடிந்த மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான், சுழலும் இரும்பைக் கூரான டூலால் கடையும் லேத் பட்டறை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தேன். அங்கே லேத் ஓட்டும் மூத்த டர்னர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்து ஒரு வாரம் இருக்கும், கை கழுவும் இடத்தில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு ரேசரைக் கொண்டு வந்து, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தினார்.

"டூலை எப்படிப் பிடிக்கணும்னு நேத்து சொன்னேன்ல தம்பி? அதேதான் இதுவும். ரொம்ப நிமிர்த்துனா வெட்டாது, சுரண்டும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. அழுத்தாதே. கூரா இருந்தா அதுவே வேலை செய்யும்."

என் தாடையைத் தன் கட்டைவிரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு இழுப்பை அவரே செய்து காட்டினார். அந்த விரலில், கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட்டின் வாசனை. பல வருஷமாக இரும்பைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன விரல், கன்னத்தில் அவ்வளவு மெதுவாக இருந்தது. அப்புறம் ரேசரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு நான் அழுதேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மாஸ்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் கடைந்து முடித்த இரும்புத் துண்டை, ஜாப் என்போம், கையில் எடுத்தவுடன் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரைத் தேட மாட்டார். முதலில் என்னிடம் கேட்பார்: "நீ அளந்தது எவ்வளவு?" நான் சொல்லும் எண்ணை லேத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதுவார். அதற்குப் பிறகுதான் தான் அளப்பார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒத்துப்போகாவிட்டால், "திரும்ப அள" என்பார், அவ்வளவுதான். தன் எண்ணைச் சொல்லவே மாட்டார். சொல்லிவிட்டால் அடுத்த முறை நான் என் கண்ணை நம்பாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

மைக்ரோமீட்டரைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், அதில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. சுற்றும் உருளை ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகரும். கீழே இருக்கும் அரைக் கோட்டை முழுக் கோடு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக அரை மில்லிமீட்டர் பிசகும். நான் விழுந்தேன். 30.02 மில்லிமீட்டர் என்று நினைத்துக் கடைந்த ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, மூன்றும் 29.52. மாஸ்டர் அன்று வேறு வேலையாக வெளியே போயிருந்தார். லேத் வேலையில் குறைத்ததைக் கூட்ட முடியாது. மூன்றும் கழிவுதான்.

முதலாளி கத்திக்கொண்டு வந்தபோது மாஸ்டர் திரும்பி வந்திருந்தார். எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "பையனைத் தனியா விட்டுட்டுப் போனது நான். என் தப்பு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள மூணும் வேற செஞ்சு தரோம்" என்றார். செஞ்சு தரோம். அந்த 'ஓம்' என் காதில் இன்னும் இருக்கிறது. அன்று ராத்திரி வெகுநேரம் என் பக்கத்திலேயே நின்றார். லேத்தை ஓட்டியது நான்தான். அவர் கை வைக்கவே இல்லை.

கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்டில், அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் வெற்றி கிடைத்ததும், "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பிவிட்டு ஒதுங்கி நின்றவரும் அவரே. அதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ராக்கெட் ஞாபகத்துக்கு வரவில்லை. மூன்று ஷாஃப்டும், என்னை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு முதுகும்தான் வந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய நாள் ஒன்று உண்டு. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். வழக்கம்போல, "எவ்வளவு?" என்றார். சொன்னேன். சாக்பீஸை எடுக்கவில்லை. மைக்ரோமீட்டரையும் எடுக்கவில்லை. என் எண்ணை நேராக ஆய்வுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த லேத்துக்குப் போய்விட்டார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் எண். நான் அப்படியே நின்றேன். அதற்கு முன் பள்ளியிலோ வீட்டிலோ யாரும் நான் சொன்னதைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டதில்லை. அப்பா இருந்திருந்தால் அவர் செய்திருப்பாரோ என்னவோ.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாஸ்டரை மனதுக்குள் அப்பா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. செத்துப்போன மனிதரின் இடத்தை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனோ என்று. அதனாலேயே நன்றி என்ற வார்த்தையை இருபது வருஷமாக அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். அப்பாவின் இடம் காலியாகத்தான் இருக்கிறது, அதில் யாரும் உட்காரவில்லை, மாஸ்டர் தனக்கென்று வேறொரு இடத்தைக் கொண்டு வந்தார் என்பது நாற்பதை நெருங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் கடிதத்தைப் பற்றி அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காம்யுவுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அப்பா 1914 போரில் இறந்துவிட்டார். பேரனை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்றிருந்த பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, தனியாகப் பாடமும் சொல்லிக்கொடுத்து, மேல்படிப்புக்கு வழி செய்தவர் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன். 1957-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, அம்மாவுக்கு அடுத்து உங்களைத்தான் நினைத்தேன் என்று அந்த ஆசிரியருக்கு எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து தன் சின்ன வயது வாத்தியாருக்குக் கடிதம் எழுதுகிறார். எனக்கு நோபல் வரப்போவதில்லை. எதற்காக நான் காத்துக்கொண்டிருந்தேன்?

நான்கு பக்கம் எழுதினேன். ரேசர், ஷாஃப்ட், ஆய்வுத் தாள் எல்லாவற்றையும் எழுதினேன். அப்பாவைப் பற்றிய அந்தக் குற்ற உணர்ச்சியையும் எழுதினேன். தபாலில் போட மனம் வரவில்லை. நேரிலேயே கொண்டு போனேன்.

மாஸ்டருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே படி தம்பி" என்றார். எனக்கு நாற்பது வயது, என் கீழே ஆறு பேர் வேலை பழகுகிறார்கள், அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.

படித்தேன். இரண்டு இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அந்தக் காலத்தில் "திரும்ப அள" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாரே, அதே மாதிரி காத்திருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டி என் கன்னத்தைத் தேடி, கடைந்து முடித்த ஜாப்பின் விளிம்பைப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார்.

"பிசிறு இல்ல" என்றார்.