39-ஆம் நம்பர் தொகுதியும் ரசவடையும்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் சூரிய உதயம் பார்ப்பார்கள், படகு ஏறுவார்கள், பாசிமணி வாங்குவார்கள். நான் போனது தேர்தல் வரலாறு பார்க்க. வீட்டில் சொன்னபோது ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் கடைசி எண் கொண்ட இந்தத் தொகுதியைப் போல முரண்டு பிடிக்கும் தொகுதி வேறு கிடையாது என்பது என் கட்சி. 2009-க்கு முன்பு இதன் பெயர் நாகர்கோவில்.

முதலில் பஸ் புலம்பலை முடித்துவிடுகிறேன். தொடர் விடுமுறை என்று சொல்லி சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் 2,200 ரூபாய் தீட்டிவிட்டார்கள். ஏசி வேலை செய்ததோ இல்லையோ, அதன் தண்ணீர் மட்டும் விடிய விடிய என் போர்வையில் சொட்டியது. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம் வரை போகும் என்று சொல்லி ஏற்றிவிட்டு, விடிகாலையில் பைபாஸில் "எல்லாரும் இறங்குங்க" என்றார்கள். அங்கே காத்திருந்த ஆட்டோக்காரர் வாய் கூசாமல் 300 கேட்டார். "கேட்டியளா சார், இந்த நேரத்துல வேற வண்டி கெடைக்காது" என்று தத்துவம் வேறு. பேரம் பேசி 180-க்கு வந்தோம். அதுவும் அநியாயம்தான். அதற்குப் பிறகு அரசு டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன், பர்ஸ் பிழைத்தது.

கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். விவேகானந்தர் பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் படகு டிக்கெட் வாங்க நிற்கிற வரிசையில் பத்தில் ஒரு பங்கு இங்கே எட்டிப் பார்த்தால்கூடத் தேவலை. உள்ளே நான், ஒரு காவலாளி, வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு குடும்பம். காமராஜருக்கு இந்த ஊரில் மண்டபம் இருப்பதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1967 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அவ்வளவு பெரிய தலைவரை ஊர் கைவிட்டுவிட்டது. மறு ஆண்டு நாகர்கோவில் எம்.பி. நேசமணி காலமானார். 1969 தொடக்கத்தில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் இங்கே வந்து நின்றார். தி.மு.க. ஆட்சியில் இருக்கும்போதே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-இல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து மாநிலத்தையே வாரிச் சுருட்டியபோது, கட்சி உடைந்தபின் காமராஜர் பக்கம் நின்ற பழைய காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் மிஞ்சிய ஒரே எம்.பி. இடம் இதுதான். 1975-இல் சாகும்வரை அவர் இந்தத் தொகுதியின் எம்.பி.

சரி, ஏன் இந்த முரண்டு? அதற்கு மேற்கே போகவேண்டும். மார்த்தாண்டம் போய், அங்கிருந்து புதுக்கடைக்கு பஸ் மாறினேன். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டிலேயே இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. முதல் பொதுத்தேர்தலில் மார்ஷல் நேசமணி ஜெயித்தது காங்கிரஸில் நின்று அல்ல, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக்கட்சியில். அதன் ஒரே பெரிய கோரிக்கை தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பது. அந்தப் போராட்டத்தில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவர் பதவி விலகவேண்டும் என்று அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார். சொந்த ஆட்சியையே விலகச் சொன்ன கட்சிக்காரரை இன்றைக்கு எங்கே தேடுவது? புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. நான் வழி கேட்ட இரண்டு இளைஞர்களுக்குத் தெரியவில்லை, சாயாக்கடைப் பெரியவர்தான் கை காட்டினார்.

ஆகவே மற்ற மாவட்டங்கள் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று அரசியல் பழகிய காலத்தில், இவர்கள் வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வந்து சேர்ந்தவர்களிடம் திராவிடக் கட்சிகள் ஆழமாக வேர்பிடிக்கவில்லை. இன்றுவரை அ.தி.மு.க. இந்த மக்களவைத் தொகுதியை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தி.மு.க. ஒரே ஒரு முறை, 2009-இல் ஹெலன் டேவிட்சன். 1977-இல் அ.தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் அணி 39-இல் 34 இடங்களை அள்ளியபோதும் இங்கே ஜெயித்தது பழைய காங்கிரஸின் குமரி அனந்தன். அடுத்து என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு தேர்தல், கடைசி இரண்டு மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸில். "டென்னிஸ் காலத்துல யாரு நிக்கான்னு பாக்கவே மாட்டோம் தம்பி, கேட்டியளா" என்றார் அந்தப் பெரியவர்.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் நகர மனசில்லை. கருங்கல் போகிற வழியில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வீட்டுக்கடை. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, மசித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சேர்த்துத் தாளித்து வைத்திருந்தார்கள். மேலே ஊற்ற, தேங்காய் அரைத்து குடம்புளி போட்ட சாளை மீன் கறி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் அந்த மணம் இருந்தது. 90 ரூபாய். சென்னையில் 90 ரூபாய்க்கு ஒரு காபியும் பரிதாபமும்தான் கிடைக்கும். சாயங்காலம் நாகர்கோவிலில் ரசவடை. பருப்பு வடையை சூடான ரசத்தில் ஊறப்போட்டுத் தருகிறார்கள், அவ்வளவுதான், ஆனால் மூன்றாவது தட்டு கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

எங்கே விட்டேன்? 1999. டென்னிஸ் காலம் முடிந்ததும் தொகுதி தறிகெட்டுத் திரும்பியது. 1999-இல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், 2009-இல் தி.மு.க., 2014-இல் மறுபடி பொன்னார், 2019-இல் காங்கிரஸின் வசந்தகுமார். ஒவ்வொரு தடவையும் கட்சி மாற்றம். 2014-இல் ஜெயலலிதா 37 இடங்களைப் பிடித்தபோது நழுவிய இரண்டில் ஒன்று இது, இன்னொன்று தர்மபுரி.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். பொன்னார் மத்திய இணை அமைச்சராக இருந்தபோது எழுந்த பாலம். கீழே என் டவுன் பஸ் நகராமல் நிற்க, மேலே கார்கள் பறந்தன. அவ்வளவு பெரிய பாலம் கட்டியும் 2019-இல் இரண்டரை லட்சம் வாக்குகளுக்கு மேல் தோற்றார். வளர்ச்சித் திட்டம் ஓட்டு வாங்கித் தரும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பாலத்துக்கு அடியில் அரை மணி நேரம் நிற்கலாம். அவரை வென்ற வசந்தகுமார் அதே குமரி அனந்தனின் தம்பி. 2020-இல் கொரோனாவில் அவர் இறக்க, 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் வந்தார், 2024-லும் வென்றார். அண்ணன், தம்பி, தம்பி மகன் என்று ஒரே வீட்டில் மூன்று எம்.பி.க்கள், அண்ணன் மகள் தமிழிசையோ பா.ஜ.க.வில். 2024-இல் அ.தி.மு.க. இங்கே நாம் தமிழருக்கும் கீழே நான்காம் இடத்துக்குப் போனது. அந்த மே மாதக் கடைசியில் பிரதமர் மோடி விவேகானந்தர் பாறையில் தியானம் இருந்தபோது, இங்கே வாக்குப்பதிவு முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

கடைசியாக பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம். 1956-இன் பாகப்பிரிவினை இன்னும் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. வேலாயுதன் 1996-இல் வந்ததும் இந்தப் பத்மநாபபுரத்திலிருந்துதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு தொகுதிகளும் நான்கு கட்சிகளுக்குப் பிரிந்து போயின: குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் காங்கிரஸுக்கு, பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு, கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு. டவுன் பஸ்ஸில் போனால் ஒரே நாளில் ஆறையும் தொட்டுவிடலாம், நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனை பூட்டியிருக்கும்.