பாய்மரம் போச்சு, பேச்சு போகலை

மார்ச் 3, போர்ச்சுகல் கரைக்கு மேற்கே

நண்பகல் ரிப்போர்ட் அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டரில் லாகின் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கேடட் கேட்டான்: "சார், ஸ்பீடு லாக், லாக் புக், லாகின்... எல்லாம் ஒரே லாக்தானா?"

ஒரே லாக்தான், அதாவது மரக்கட்டை. வட்டத்தில் கால்பாகம் அறுத்தெடுத்த மாதிரி ஒரு பலகை. செங்குத்தாக மிதப்பதற்காக அதன் வளைந்த விளிம்பில் ஈயம் வைத்திருப்பார்கள். அதில் கயிறு கட்டிக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து கடலில் போடுவார்கள். பலகை போட்ட இடத்திலேயே கிடக்கும், கப்பல் முன்னால் போகும், உருளையிலிருந்து கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவன் 28 வினாடி மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பான். மணல் தீர்வதற்குள் கைவழியே எத்தனை முடிச்சு ஓடியதோ, அத்தனை நாட் வேகம். நாட் என்றாலே முடிச்சுதானே.

கேடட் கால்குலேட்டரை எடுத்தான். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு தூரம் என்றால் 28 வினாடியில் 14.4 மீட்டர். அடிக்கணக்கில் 47¼. "கரெக்டா வருது சார்!" என்று துள்ளினான்.

அந்தக் கட்டை காட்டிய வேகத்தை எழுதிவைத்த நோட்டுதான் லாக் புக். பிறகு கப்பலில் நடப்பதெல்லாம் அதில் ஏறியது, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. வங்கிக் கணக்கில் நுழையும் எல்லோரும் ஒருவகையில் அந்தப் பலகையைத்தான் கடலில் போடுகிறார்கள். எங்கள் கப்பலில் இப்போது அடித்தளத்தில் இருக்கும் கருவி ஒலியலை அனுப்பி வேகம் சொல்கிறது. அதற்கும் பெயர் லாக்தான்.

போகிறபோக்கில் ஒன்று. நாட் என்பதற்குள்ளேயே மணிக்கணக்கு அடக்கம். "மணிக்கு 15 நாட் வேகத்தில்" என்று பத்திரிகைகள் எழுதுவதை எப்போதுதான் நிறுத்துவார்களோ!

மார்ச் 5, பிஸ்கே வளைகுடா

காற்று நேர் எதிரே. எங்களுக்கு இதனால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும், கேப்டன் முகம் சுருங்கும், அவ்வளவே. பாய்க்கப்பலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சுக்கான் பிடிப்பவன் கொஞ்சம் அசந்தாலோ, காற்று சட்டென்று திசை மாறினாலோ, பின்னாலிருந்து தள்ள வேண்டிய காற்று முன்னாலிருந்து பாயில் அடிக்கும். பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் அப்படியே நிற்கும், பின்னோக்கியும் போகும். மரமே முறியலாம். இதுதான் 'டேக்கன் அபேக்'. ஆங்கிலத்தில் இன்று எதிர்பாராத சேதி கேட்டுத் திகைத்துப்போனவர் எல்லாம் இதைத்தான் சொல்கிறார். கால் மடங்கி நிற்கும் கப்பலை ஒருவரும் நினைப்பதில்லை.

'பை அண்ட் லார்ஜ்' இதே குடும்பம். காற்றை நெருங்கி, ஏறக்குறைய எதிர்த்துப் போவது 'பை'. காற்று பக்கவாட்டுக்கும் பின்னே இருந்து தாராளமாகத் தள்ளுவது 'லார்ஜ்'. இரண்டிலும் நன்றாக ஓடுகிற கப்பல் எந்தக் காற்றுக்கும் ஆகும். அதிலிருந்துதான் 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருள் வந்தது. 'அலூஃப்' என்று ஒதுங்கி நிற்பவர்களைச் சொல்கிறார்களே, அதுவும் காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிவைத்துக் கரையில் மோதாமல் விலகி நிற்கும் கப்பல்தான்.

மார்ச் 6, ஆங்கிலக் கால்வாய்

நள்ளிரவு வாட்ச், அதாவது காவல் முறை. இடப்பக்கம் எங்கோ இருட்டில் போர்ட்ஸ்மவுத். 1765இல் கடலில் இறங்கிய, அட்மிரல் நெல்சனின் போர்க்கப்பல் விக்டரி அங்கே 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது. நூறு பீரங்கியோ அதற்கு மேலோ இருந்தால் 'ஃபர்ஸ்ட் ரேட்'. விக்டரிக்கு 104. நாம் மட்டமான சரக்கைத் 'தேர்டு ரேட்' என்கிறோம். ஆனால் பிரிட்டிஷ் கடற்படைக்கு முதுகெலும்பாக இருந்தது 74 பீரங்கி கொண்ட தேர்டு ரேட் கப்பல்கள்தான். அவற்றை இப்படி வசவாக்கியது அநியாயம்.

கேடட்டுக்குத் தூக்கம் வந்தது. "க்ரோகியா இருக்கு சார்" என்றான். சரி, கதைக்கு வழி விட்டான்.

அட்மிரல் எட்வர்ட் வெர்னன், 18ஆம் நூற்றாண்டு, மேற்கிந்தியத் தீவுகள். க்ரோக்ரம் என்ற முரட்டுத் துணியில் மேலங்கி போடுவார், அதனால் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'ஓல்டு க்ராக்'. அப்போது தினம் ஆளுக்கு அரை பைண்ட் ரம். கலக்காமல் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆட்கள் விழுந்து கிடந்தார்கள். 1740 ஆகஸ்ட் 21இல் வெர்னன் உத்தரவு போட்டார்: அரை பைண்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது ஒன்றுக்கு நான்கு. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கலப்பது மேல்தளத்தில், வாட்ச் அதிகாரியின் கண்முன்னே. (அளவில் கைவைப்பார்கள் என்று மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.) தண்ணீர் ரம்முக்கு அவர் பட்டப்பெயரையே வைத்துப் பழிதீர்த்தார்கள் மாலுமிகள். அது தலைக்கேறினால் க்ரோகி. இன்று மருந்து மயக்கத்தில் இருக்கும் நோயாளியும் க்ரோகி, குத்துவாங்கித் தள்ளாடும் பாக்ஸரும் க்ரோகி.

வெர்னனின் கீழ் வேலை பார்த்த லாரன்ஸ் வாஷிங்டன் தன் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டார். பின்னால் அது தம்பி ஜார்ஜ் கைக்குப் போனது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வீட்டுக்குத் தண்ணீர் ரம் அட்மிரலின் பெயர்!

ரம் பங்கீடு 1970 ஜூலை 31 வரை ஓடியது. எங்கள் கப்பலில் ஒரு சொட்டுக்கும் அனுமதி இல்லை.

குடிகாரனைச் சொல்லும் இன்னொன்று 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்'. ஷீட் என்றால் பாய் என்றுதான் கேடட்டும் நினைத்திருந்தான். பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிறுதான் ஷீட். ஒன்று அவிழ்ந்தால் சமாளிக்கலாம். மூன்றும் அவிழ்ந்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், கப்பல் டாஸ்மாக் வாசலில் நிற்பவரைப் போலத் தள்ளாடும்.

மார்ச் 8, ஹம்பர் முகத்துவாரம், நங்கூரத்தில்

இம்மிங்ஹாமில் பெர்த் காலியில்லை. நங்கூரம் போட்டாச்சு. முன்தளத்தில் போசன் (தளத்து ஆட்களுக்குத் தலைவர்) அண்ணாச்சி பிரேக்கைப் பிடித்து விட, சங்கிலி துருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. 27.5 மீட்டர் ஒரு ஷேக்கிள். ஆறு ஷேக்கிள் தண்ணீரில் விட்டோம்.

சங்கிலியின் மறுமுனை கீழே சங்கிலி அறைக்குள் ஒரு இரும்பு ஊசியில் மாட்டியிருக்கும். அதன் பெயர் இன்றும் 'பிட்டர் எண்ட்'. ஆபத்தில் நங்கூரத்தை ஏற்ற நேரமில்லையென்றால், வெளியிலிருந்தே சுத்தியலால் அந்த ஊசியைத் தட்டிவிட்டு மொத்தச் சங்கிலியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். சணல் வடம் இருந்த காலத்தில் ஊசி இல்லை. கோடரியால் வெட்டிவிட்டுக் காற்றோடு ஓடுவார்கள், அதுதான் 'கட் அண்ட் ரன்'.

வடத்தைச் சுற்றிக் கட்டும் முளைகளுக்கு பிட் என்று பெயர். பிட்டோடு தங்கும் பகுதி 'பிட்டர்ஸ் எண்ட்' என்று கேப்டன் ஜான் ஸ்மித் 1627லேயே எழுதிவைத்தார், போகஹாண்டஸ் கதையில் வருகிற அதே ஸ்மித். வடம் அந்த முனைவரை ஓடிவிட்டால் விடுவதற்கு இனி ஒன்றுமில்லை. 'கடைசிவரை' என்ற பொருளில் சொல்லும் 'டு தி பிட்டர் எண்ட்' என்பதற்குக் கசப்போடு தொடர்பில்லை என்று நான் சொன்னதும் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, நீதிமொழியில இருக்குல்லா? 'எட்டியைப்போலக் கசப்பும்'னு. முடிவு கசக்கும்னுதான அதுல வருது."

மறுக்க முடியவில்லை. 1611 ஆங்கில பைபிளிலும் அந்த வசனத்தில் கசப்பும் முடிவும் சேர்ந்தே வருகின்றன. வடமும் வசனமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். தூத்துக்குடிக்காரரிடம் கடலும் வேதமும் பேசி ஜெயிக்க முடியாது.

மார்ச் 10, இன்னும் நங்கூரத்தில்

மெஸ் ரூமில் கச்சேரி. தேர்டு இன்ஜினியர், ஆடம்பரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பாஷ்' வந்த கதையை எடுத்தார். இந்தியாவுக்குப் போகும் பி அண்ட் ஓ கப்பலில் பணக்காரர்களுக்குப் போகையில் வெயில் படாத இடப்பக்க அறை, திரும்புகையில் வலப்பக்க அறை. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்று டிக்கெட்டில் முத்திரை குத்துவார்களாம், முதலெழுத்துகளைச் சேர்த்தால் பாஷ். அழகான கதை. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்தது பித்தளைக் குரங்கு. 'பித்தளைக் குரங்கின் குண்டும் உதிரும் குளிர்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடை. பீரங்கிக் குண்டுகளைக் 'குரங்கு' என்ற பித்தளைத் தட்டில் கோபுரமாக அடுக்கியிருந்தார்களாம், குளிரில் தட்டு சுருங்கிக் குண்டுகள் உருண்டனவாம். கப்பலில் ஒருநாள் இருந்தவன்கூட இதை நம்பமாட்டான். ஆடுகிற தளத்தில் எவனாவது இரும்புக் குண்டைக் கோபுரமாக அடுக்குவானா? துளை போட்ட மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாக உட்காரவைப்பார்கள். குளிரில் சுருங்குகிற வித்தியாசமோ மயிரிழைதான்.

என் அளவுகோல் இதுதான். உண்மையான கப்பல் சொல்லுக்குப் பின்னால் கயிறோ காற்றோ பீப்பாயோ இருக்கும், ஒருவன் கையால் செய்த வேலை இருக்கும். முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த கதை என்றால் கரையில் உட்கார்ந்து யாரோ கட்டியது. இப்படி எல்லாச் சொல்லையும் கடலில் தள்ளுகிறவர்களைக் கேலி செய்ய மொழியியல்காரர்கள் ஒரு கற்பனைக் குழுவே வைத்திருக்கிறார்கள்: 'எல்லாவற்றுக்கும் கடற்படையே பிறப்பிடம் என்று சொல்லும் குழு'. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் கனூ என்று வரும், சின்னத் துடுப்புப் படகு!

மார்ச் 12

காற்றாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகுகள் கிரிம்ஸ்பி பக்கமிருந்து வந்துபோகின்றன. பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட கேட்டமரன்கள். சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தை ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் 1697இல் எழுதினார், ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "இதுல கட்டுனது எங்க, மரம் எங்க?" என்று அண்ணாச்சி சிரிக்கிறார்.

மார்ச் 13

நாளை காலை பைலட் வருகிறார், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோகிறவர். குப்பைப் பதிவேட்டைச் சரிபார்க்கிறேன். வறுத்து மிஞ்சிய எண்ணெய்க்குத் தனிப் பிரிவு, 'டி'. எவ்வளவு, எந்தத் துறைமுகத்தில் கொடுத்தோம் என்று எழுதி ரசீது ஒட்ட வேண்டும்.

பழைய கப்பலில் உப்புக்கண்டத்தை வேகவைக்கும்போது மேலே திரளும் கொழுப்புக்கு 'ஸ்லஷ்' என்று பெயர். கொஞ்சம் பாய்மரத்துக்குத் தடவ, மீதி மெழுகுவத்தி செய்பவர்களுக்கு விற்க. பிரிட்டிஷ் கப்பல்களில் அந்தக் காசு சமையல்காரருக்கு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் அதைச் சேர்த்து மாலுமிகளுக்குச் சின்னச் சின்ன வசதிகள் வாங்கினார்கள், அதுதான் 'ஸ்லஷ் ஃபண்ட்'. அரசியல்வாதிகள் கைக்குப் போனபிறகுதான் அது கணக்கில் வராத பணம் ஆனது.

சமையல்காரரிடம் இதைச் சொன்னேன். எண்ணெய் டிரம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நமக்கு ரசீதுதான் சார் மிச்சம்" என்றார். நாற்பது லிட்டர் இருக்கிறது. எழுதிவிட்டேன்.